மதுரை வீட்டில் பவளத் தொட்டி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மதுரையில் "உப்புத் தண்ணீர்" என்றால் யாருக்கும் கடல் நினைவுக்கு வராது, போர்வெல்தான் நினைவுக்கு வரும். பவளத் தொட்டி (பவளமும் கடல்மீனும் வளரும் கண்ணாடித் தொட்டி) வைத்த முதல் நாளே என் பெரியப்பா கேட்டார்: "இதற்குத் தனியாக எதற்கடா உப்பு வாங்குகிறாய்? நம் குழாயில் வருவதே உப்புத் தண்ணீர்தானே?" அன்று சிரித்துவிட்டேன். ஆறு மாதம் பாசியோடு மல்லுக்கட்டிய பிறகுதான் அந்தக் கேள்வி பிரச்சினையின் வேரிலேயே கை வைத்திருந்தது என்று தெரிந்தது. என் தொட்டிக்கு வந்த வியாதிகளில் பெரும்பாலானவை கடல்நீரால் வந்தவை அல்ல. அந்தக் கடல்நீரைக் கலக்க நான் எடுத்த நல்ல தண்ணீரால் வந்தவை. அதற்கு அடுத்த குற்றவாளி வெயில்.

ஆகவே எந்த அறிகுறி தெரிந்தாலும் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். முதலில் வெப்பநிலையைப் பாருங்கள், அடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். பிறகு உட்கார்ந்து, கடந்த இரண்டு வாரத்தில் எதை மாற்றினோம் என்று எழுதிப் பாருங்கள். புது விளக்கா, புது உப்பு மூட்டையா, வடிகட்டியைக் கழுவினோமா? விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

பவளம் வெளுக்கிறது, மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்கின்றன

எந்த வகை வெளுப்பு என்பதை டார்ச் அடித்துப் பாருங்கள். சதை அப்படியே இருந்து நிறம் மட்டும் போயிருந்தால் பவளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தன் சதைக்குள் குடியிருந்து உணவு கொடுத்த நுண்பாசியை அது வெளியேற்றியிருக்கிறது, அவ்வளவுதான். சதையே உரிந்து வெள்ளை எலும்புக்கூடு தெரிந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. அதன் காரணம் பெரும்பாலும் வேறு, அதைக் காரத்தன்மை பற்றிய பகுதியில் பார்ப்போம்.

நிறம் மட்டும் போன வெளுப்பு விளக்குக்கு நேர் கீழே உள்ள மேற்பகுதிகளில் மட்டும் இருந்து, வெப்பநிலை சரியாக இருந்தால், ஒளி அதிகம். விளக்கைப் பாதியாகக் குறைத்து, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். தொட்டி முழுவதும் வெளுப்பு இருந்தால் அது வெப்பம்.

பவளத்துக்கு ஏற்றது 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். 29 எச்சரிக்கை. 30-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வெளுக்கத் தொடங்கும். மன்னார் வளைகுடாவிலேயே 2016-இல் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால், மாடி அறையில் இருக்கும் 150 லிட்டர் எம்மாத்திரம்? சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான்.

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் நாம் செய்ய வேண்டியவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

இன்னொரு தெர்மாமீட்டரை வைத்து முதலில் உறுதி செய்யுங்கள். ஒட்டும் பட்டை வகைத் தெர்மாமீட்டர் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். நண்பகலில் மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில்தான் கக்கும். என் வீட்டில் தொட்டி உச்சச் சூட்டைத் தொடுவது இரவு எட்டு மணிக்கு.

விளக்கு எரியும் நேரத்தை மாற்றுங்கள். பகல் பதினொன்றுக்குப் பதில், சூடு இறங்கிய பிறகு தொடங்கட்டும். பவளத்துக்குச் சூரியன் எப்போது உதிக்கிறது என்பது முக்கியமில்லை, தினமும் ஒரே நேரத்தில் உதித்தால் போதும். பம்புகளையும் கணக்கில் எடுங்கள். நீருக்குள் ஓடும் பம்ப் எத்தனை வாட் எடுக்கிறதோ அத்தனையும் கடைசியில் நீரில் சூடாகத்தான் சேரும். பழைய ஏ.சி. பம்பை மின்சாரம் குறைவாக எடுக்கும் டி.சி. பம்பாக மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, மின்விசிறி. டவுன்ஹால் ரோட்டு எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் சின்ன விசிறி போதும். நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசட்டும், மூடியைத் திறந்துவிடுங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியானால், 100 லிட்டரை ஐந்தரை டிகிரிக்கு மேல் குளிர்விக்கும் அளவுக்கு வெப்பத்தை எடுத்துப் போகும். அறையின் சூடு மறுபடி நீருக்குள் ஏறிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் இரண்டு, மூன்று டிகிரிதான் நமக்கு மிஞ்சும். இதில் மதுரைக்காரருக்குக் கடற்கரை ஊர்க்காரரைவிட ஒரு வசதி உண்டு. நம் கோடைக் காற்று வறண்டது, விசிறி நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாகிவிட்டால் அவ்வளவு எடுபடாது, ஆனால் அப்போது அவ்வளவு தேவையும் இருக்காது.

விசிறியும் போதாவிட்டால் சில்லர் எனும் நீர் குளிர்விக்கும் கருவிதான். விலையைப் பார்த்து மயக்கம் வரும். வாங்கினால் அதை ஸ்டாண்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள். அது கக்கும் சூடான காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு, நாள் முழுவதும் ஓடியும் ஒரு டிகிரிகூட இறக்காது.

அவசரத்துக்கு: உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலை மூடியோடு மிதக்க விடுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் உப்பு இறங்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். காற்றுக் குழாயை ஓட விடுங்கள்.

ஹீட்டர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: மார்கழி இரவுகளுக்கு மட்டும் வேண்டும். மற்ற மாதங்களில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே நல்லது. ஹீட்டர் பழுதானால் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் வகைப் பழுதுதான் ஆபத்தானது.

மணலில் பழுப்புத் தூசி, கழுவினாலும் மூன்றே நாளில் திரும்புகிறது

புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதம் இது இயல்பு. டயாட்டம் என்ற நுண்பாசி, நீரில் இருக்கும் சிலிக்காவைத் தின்று வளர்ந்து, அது தீர்ந்ததும் தானே போய்விடும். ஆறு மாதமாகியும் போகவில்லை என்றால் யாரோ அதற்குச் சாப்பாடு போடுகிறார்கள். அந்த யாரோ, நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீர்.

டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) எடுத்து ஊற்றும் தண்ணீரை அளந்து பாருங்கள். இருக்க வேண்டியது பூஜ்யம். "வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே" என்பீர்கள். போர்வெல் நீர் 1200 என்று வைத்துக்கொள்வோம். சவ்வு நூற்றுக்கு 95 பங்கைத் தடுத்தாலும் 60 மிச்சம். அதற்கு மேல், குடிநீர்க் கருவிகளில் சுவைக்காகத் தாதுச் சரக்கு சேர்க்கும் குப்பியோ, சுத்திகரிக்காத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகோ இருக்கும். நமக்கு நல்லது, பவளத்துக்குக் கெட்டது. இருபது லிட்டர் கேன் தண்ணீரும் பூஜ்யம் கிடையாது.

செய்ய வேண்டியது: ஆர்.ஓ.வுக்குப் பின்னால், தாதுக் குப்பிக்கு முன்னால் குழாயைப் பிரித்து, டி.ஐ. ரெசின் (மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) நிரப்பிய குப்பியை இணைப்பது. கருவியை ஓட விட்டதும் முதல் ஐந்து நிமிடம் வரும் நீரை ரெசினுக்குள் விடாமல் வெளியே விடுங்கள். நின்றிருந்த சவ்விலிருந்து முதலில் வரும் நீர் மோசமாக இருக்கும், ரெசினை வீணாக்கிவிடும். கழிவு நீரை வீணாக்காமல் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் நல்ல பெயர் கிடைக்கும்.

மீட்டர் பூஜ்யம் காட்டியும் பழுப்பு போகவில்லையா? ரெசின் சோரும்போது முதலில் தப்பிப்பது சிலிக்காதான். அது மீட்டரில் ஏறக்குறைய தெரியவே தெரியாது. பாதிக்கு மேல் நிறம் மாறியதும் ரெசினை மாற்றிவிடுங்கள். மணலையும் விசாரியுங்கள். வைகை மணலை நாலு முறை கழுவிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆற்று மணல் கடல்தொட்டிக்கு எந்த நன்மையும் செய்யாது, கூடவே என்னென்ன வரும் என்பதும் தெரியாது. அரகோனைட் எனும் சுண்ணாம்பு மணல் வாங்குங்கள்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் சுத்தமானது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. அந்த நீர் செம்புக் குழாயிலும் அலுமினியத் தகட்டிலும் வழிந்து வருவது. தொட்டிப் பக்கம் கொண்டு வராதீர்கள்.

பாசியின் நிறத்தை வைத்து மேலும் பிரிக்கலாம். சிவந்த வழவழப்பான போர்வைபோல் படிந்து, விரலால் தூக்கினால் தோலாக உரிந்தால் அது சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. நீரோட்டம் செத்த மூலையில்தான் முதலில் வரும், வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) திருப்பி வைத்துப் பாருங்கள். பச்சை மயிராக நீண்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம், மீனுக்குப் போடும் தீனியைப் பாதியாக்குங்கள். பழுப்பாகச் சளிபோல் இழுபட்டு, நுனியில் குமிழி கட்டி, இரவில் குறைந்து பகலில் பெருகினால் அது டைனோ, அதாவது டைனோஃபிளாஜலேட் என்ற நுண்ணுயிர். அது வேறு சாதி. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யத்தில் கிடக்கும் தொட்டியில்தான் பெரும்பாலும் கொழுக்கும். அங்கே சுத்தம் செய்யச் செய்யக் கூடும். தீனியைக் கூட்டுங்கள், நீர் மாற்றுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

உப்பு கலந்த நீர் பால்போல் வெளுத்து நிற்கிறது

நீருக்குள் உப்பைப் போட்டீர்களா, உப்பின் மேல் நீரை ஊற்றினீர்களா? இரண்டாவது என்றால் விடை கிடைத்துவிட்டது. கொஞ்ச நீரில் நிறைய உப்பு சேர்ந்ததும் சுண்ணாம்புச் சத்து வெண்பொடியாகப் படிந்துவிட்டது, இனி அது கரையாது. டிரம்மில் நீரை நிரப்பி, பம்பை ஓட விட்டு, உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். பாக்கெட்டைப் பொறுத்து லிட்டருக்கு 37, 38 கிராம் பிடிக்கும். தெளியும்வரை காத்திருங்கள்.

கீழமாசி வீதிக் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்ற கேள்வி எப்போதும் வரும். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதைக் கவனித்தால் பதில் கிடைக்கும். கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும், பிறகுதான் சோடியம் குளோரைடு கட்டியாகும், மக்னீசியம் தங்கிய கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். அதாவது பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் போன பிறகு மிஞ்சுவதே நம் கல்லுப்பு. சாம்பாருக்கு அது போதும்.

உப்பு அளவு சரி என்கிறது கருவி, பவளம் சுருங்கியே கிடக்கிறது

கருவி பொய் சொல்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். வேண்டியது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026-ஐ ஒட்டி. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் அளவு மாறிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்ல கருவி, ஆனால் வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாது, 35-இலும் சரி பார்க்க வேண்டும். அதற்கான திரவத்தை வீட்டிலேயே செய்யலாம்: 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடை 963.5 கிராம் பூஜ்ய டி.டி.எஸ். நீரில் கரையுங்கள். நகை எடை பார்க்கும் சின்னத் தராசு போதும். இந்தக் கரைசலில் கருவி 35 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திருகைத் திருப்புங்கள். நான் இப்படிச் சரிபார்த்த முதல் நாள், ஒரு வருடமாக 31-ஐ 35 என்று நம்பிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

கருவி சரி, அளவு தினமும் ஏறுகிறது என்றால் ஆவியாகும் நீருக்கு ஈடு செய்யவில்லை. நீர் மட்டும்தான் போகிறது, உப்பு போவதில்லை. ஆகவே ஈடுக்கு ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர் மட்டும். விசிறி ஓடும் மே மாதத்தில் என் 150 லிட்டர் தொட்டி தினமும் மூன்று, நான்கு லிட்டர் குடிக்கிறது. தானாக நீர் ஊற்றும் மிதவைக் கருவி இருந்தும் உப்பின் அளவு இறங்கினால் மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்திருக்கும். மிதவைக்கு ஒரு வலைக்கூண்டு போடுங்கள். ஊற்றும் நீரின் கலமும் சிறியதாக இருக்கட்டும். பழுதானாலும் கவிழ்வது பத்து லிட்டரோடு நிற்கும்.

கரண்ட் போய் வந்தால் தரையெல்லாம் தண்ணீர்

சம்ப் என்றதும் வாசலில் இருக்கும் நிலத்தடித் தொட்டியை நினைக்காதீர்கள். பவளத் தொட்டிக்காரர்களுக்குச் சம்ப் என்பது ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி. மின்சாரம் நின்றதும், மேலே நீர் ஏற்றிய குழாயே திரும்ப உறிஞ்சு குழாயாகி, அதன் வாய் நீருக்கு மேலே வரும்வரை எல்லாவற்றையும் கீழே இறக்கும். சம்பில் இடமில்லாவிட்டால் மிச்சம் தரைக்கு, தரையிலிருந்து கீழ்வீட்டுக்கு. கீழ்வீட்டு அக்கா குடையோடு படியேறி வந்த அந்த மாலையை நான் மறக்கவில்லை.

வாய் நீர்மட்டத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழத்தில் இருக்கக் கூடாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் நிற்கும். ஆனால் அந்த ஓட்டை உப்பாலும் பாசியாலும் அடைபடும், மாதம் ஒரு முறை குத்திவிடுங்கள். பிறகு பம்பை நீங்களே அணைத்து, இறங்கும் நீர் முழுவதும் சம்பில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால், பம்ப் ஓடும்போது சம்பில் நிற்கும் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேல் எப்போதும் நிரப்பாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போன மின்சாரம் பிற்பகலில்தான் வரும். அதுவரை காக்க வேண்டியது ஆக்சிஜனை. ஒரு வேவ்மேக்கரை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணையுங்கள். பத்து, பதினைந்து வாட் என்பதால் இன்வெர்ட்டருக்கு அது பாரமே இல்லை. சைன்வேவ் இல்லாத பழைய இன்வெர்ட்டராக இருந்தால் ஏ.சி. பம்ப் உறுமும், சூடாகும். அங்கே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் நல்லது.

மின்சாரம் வந்த பிறகும் பம்ப் உறுமுகிறது, சுழலவில்லை என்றால் உள்ளே சுண்ணாம்புப் படிவு. பாதி வினிகர், பாதி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள்.

நீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது

கையை எடுங்கள். மெயினை அணையுங்கள். அதன் பிறகு படியுங்கள்.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகச் சொருகி, நீரில் ஒரு முனையும் எர்த்தில் ஒரு முனையும் வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். எதைச் சொருகும்போது அளவு துள்ளுகிறதோ அதைக் குப்பையில் போடுங்கள், ஒட்டவைத்துப் பயன்படுத்த வேண்டாம். பெரும்பாலும் விரிசல் விட்ட ஹீட்டராக இருக்கும். தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள், காய்ந்த மண்ணில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். ஒவ்வொரு வயரும் சுவிட்சுக்கு ஏறும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஸ்கிம்மர் நுரை கட்டவில்லை, அல்லது பொங்கி வழிகிறது

ஸ்கிம்மர் என்பது காற்றுக்குமிழியால் நுரை கட்டி அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி. புதியது என்றால் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். பழையது நுரையை நிறுத்தினால் காற்றுக் குழாயின் வாயில் உப்பு அடைத்திருக்கும், வெந்நீர் விட்டால் திறக்கும். திடீரென்று பொங்கினால் நீங்கள் ஏதாவது ஊற்றியிருப்பீர்கள்: மருந்து, புட்டித் தீனி, சோப்பு போகாத கை. கிண்ணத்தைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருங்கள்.

இரண்டு மாதமாகியும் அம்மோனியா இறங்கவில்லை

நான்கு முதல் ஆறு வாரத்தில் அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக வேண்டும். நடக்கவில்லை என்றால் பாக்டீரியாவுக்கு வீடு போதவில்லை, அல்லது யாரோ இடிக்கிறார்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவும் பழக்கத்தை விடுங்கள். மாநகராட்சி நீரின் குளோரின் அத்தனை பாக்டீரியாவையும் கொன்றுவிடும். எடுத்து வைத்த தொட்டி நீரிலேயே கழுவுங்கள்.

பாறை போதவில்லை என்றால் உலர் பாறையோ பீங்கான் பாறையோ வாங்குங்கள். இராமேஸ்வரம் போய் வரும்போது ஒரு சாக்குப் பவளப் பாறை அள்ளி வரலாம் என்ற யோசனை வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டானாலும் குற்றம் குற்றமே. இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை வளர்த்திருக்கிறது. அப்படிப் பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள், தீனியும் எளிதில் பழகும்.

காரத்தன்மை ஏற்றினாலும் நிற்கவில்லை

சதை உரியும் பவளங்களுக்கு இங்கேதான் வர வேண்டும். காரத்தன்மை 8, 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு), கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம். மூன்றில் மக்னீசியத்தை முதலில் அளங்கள். அது குறைந்தால் நீங்கள் ஊற்றும் மற்ற இரண்டும் பவளத்துக்குப் போகாமல், பம்பிலும் ஹீட்டரிலும் வெள்ளைப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும்.

மக்னீசியம் சரியாக இருந்தால் சமையலறைக்குப் போங்கள். 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்பசோடா, காரத்தன்மையை ஒரு டி.கே.எச். ஏற்றும். பேக்கிங் பவுடர் அல்ல, வெறும் சோடா. நல்ல தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டி.கே.எச். என்பது மேல் எல்லை. குறைவாக இருப்பதைவிட, வேகமாக ஏற்றுவதால்தான் அதிகப் பவளங்கள் உரிந்து சாகின்றன.

சுண்ணாம்புத் தெளிநீர் சொட்டும் முறை கால்சியம், காரத்தன்மை இரண்டையும் சேர்த்தே நிறுத்தும், மலிவும்கூட. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். அதன் பி.எச். 12-க்கு மேல். இரவில் சொட்டுச் சொட்டாக மட்டும்.

மீன்கள் நலம், இறாலும் நத்தையும் மட்டும் சாகின்றன

செம்பு. மீன் தாங்கும் அளவு செம்பை இறால் தாங்காது. தண்ணீரைப் பித்தளைக் குடத்திலோ செம்புப் பானையிலோ பிடித்து வைத்தீர்களா? பித்தளைக் குழாய் வழியாக வந்ததா? வெள்ளைப்புள்ளிக்குக் கடையில் கொடுத்த நீல மருந்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றினீர்களா? அந்த மருந்து தனி மருத்துவத் தொட்டிக்கு மட்டும் உரியது. செம்பை உறிஞ்சும் சரக்கைப் போட்டு, கார்பனும் வைத்து, கால் பங்கு நீரை மாற்றுங்கள். சேமிப்புக்குப் பிளாஸ்டிக் டிரம் மட்டும்.

செம்பு இல்லையென்றால் கொசு. கொசுவிரட்டித் திரவங்களிலும் தெளிப்பான்களிலும் இருக்கும் பைரித்ராய்டு, இறால் வகைக்கு நஞ்சு. ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் அனுப்புகிறது என்பதை மறந்துவிடுகிறோம். அந்த அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். தெருவில் புகையடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஸ்கிம்மரை அணைத்துவிடுங்கள்.

செத்த இறாலை எடுத்து வெளியே போடும் முன் அதைத் தூக்கிப் பாருங்கள். எடையே இல்லாமல், கண்ணாடிபோல் உள்ளே வெறுமையாக இருந்தால் அது கழற்றிப் போட்ட சட்டை. என் மகள் அழுதுகொண்டே துளசிச் செடியடியில் புதைத்த இறால், மறுநாள் மாலை பாறைக்குப் பின்னாலிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு தீனிக்கு வந்து நின்றது.